கல்லூரி ஆட்டமும் தொழில்முறை ஆட்டமும்: முஸ்லிம் கூடைப்பந்து வீரர்கள் கடந்து வந்த பாதை



ஒவ்வோர் ஆண்டும் ரமளான் பிறை தென்பட்டவுடன் நம்மில் பலருடைய கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்து சேர்வதுண்டு. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஹகீம் ஒலாஜுவான் நோன்பு நோற்றபடியே ஆடினார், அம்மாதத்தின் சிறந்த வீரராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதே அச்செய்தி. செய்தி உண்மையானதே. 1995ஆம் ஆண்டின் ரமளான் ஏறத்தாழ பிப்ரவரி மாதம் முழுவதையும் தழுவி வந்தது. அந்தப் பிப்ரவரிக்கான சிறந்த வீரர் விருதை என்.பி.ஏ. எனப்படும் தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகம் அவருக்கே அளித்தது.

ஆயினும் இச்செய்தியை மட்டும் தனியே எடுத்துப் பகிரும்போது ஒரு பிழை நேர்ந்துவிடுகிறது என்பது நம் எண்ணம். நோன்பு நோற்றார், அதனால் வென்றார் என்று நம் சிறுவர்கள் விளங்கிக்கொள்கிறார்கள். அந்தப் பிப்ரவரிக்கு முன்னால் 15 ஆண்டுகள் இருந்தன. ஓர் இளைஞர் கல்லூரிக்குள் நுழைந்து, ஆடத் தெரியாமல் ஆடி, தோற்று, கற்று, மீண்டும் தோற்று, வேறொருவரிடம் போய்க் கற்று, மெல்ல மெல்ல ஒரு வித்தகராக ஆன ஆண்டுகள் அவை. அவற்றைச் சொல்லாமல் விடுவது அவருக்கும் நியாயமன்று; கேட்கும் பிள்ளைகளுக்கும் நியாயமன்று. எனவே கல்லூரி அணிகளிலிருந்து தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்ற முஸ்லிம் வீரர்கள் சிலரின் வரலாற்றைச் சற்று விரிவாகவே இங்கே பார்ப்போம்.

முதலில் அந்நாட்டு முறையைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நலம். அமெரிக்காவில் பல்கலைக்கழக அணிகளுக்கிடையே நடைபெறும் போட்டிகள் நாடே பார்க்கும் பெருநிகழ்வுகள். அங்கிருந்துதான் என்.பி.ஏ. அணிகள் தமக்கு வேண்டிய இளைஞர்களைப் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கின்றன. ஆண்டுதோறும் நடைபெறும் இத்தேர்வுக்கு டிராஃப்ட் என்று பெயர். இன்று இரண்டு சுற்றுகளில் ஏறத்தாழ 60 பேர் அழைக்கப்படுகின்றனர். பின்தங்கிய அணிகளுக்கே முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிட்டுவதால், முதலிடத்தில் அழைக்கப்படுபவர் பெரும்பாலும் தோற்றுக் களைத்த ஓர் அணியின் சுமையைத் தோளில் ஏற்றிக்கொள்பவராகவே இருப்பார்.

கல்லூரியில் புகழ் பெற்றவர் தொழில்முறையிலும் அதே புகழைப் பெறுவார் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை. கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். தொழில்முறை ஆட்டம் 48 நிமிடம். கல்லூரியில் ஒரு பருவத்துக்கு முப்பது சொச்சம் ஆட்டங்கள், என்.பி.ஏ.யில் 82. தொழில்முறையில் 1954 முதலே 24 நொடிகளுக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்ற விதி இருந்தது. ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் அத்தகைய கடிகாரமே 1985க்குப் பிறகுதான் வந்தது. கல்லூரியில் எதிரணியினர் ஆளுக்கு ஆள் காவல் நிற்காமல் இடத்தைப் பிரித்துக்கொண்டு ஒரு வீரரைச் சுற்றி வளைக்கலாம். என்.பி.ஏ.யிலோ 2001 வரை அவ்வகைத் தடுப்பு தடை செய்யப்பட்டிருந்தது. ஆக, ஒரே பந்து, ஒரே வளையம் என்றாலும் ஆட்டங்கள் இரண்டு என்றே கொள்ள வேண்டும். ஒன்றில் ஈட்டிய புள்ளிகள் மற்றொன்றுக்குச் செல்லுபடியாகும் நாணயமல்ல.

இப்பாதையில் முதலில் நினைவுக்கு வருபவர் கரீம் அப்துல் ஜப்பார். 1947இல் நியூயார்க்கில் பிறந்த இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் லூ அல்சிண்டர். 7 அடி 2 அங்குல உயரம் கொண்ட இவர் 1965இல் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதலாண்டு மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் முதன்மை அணியில் ஆடக் கூடாது என்பது அக்காலத்து விதி. எனவே அவர் முதலாண்டு மாணவர் அணியில் ஆடினார். அதே ஆண்டு நவம்பரில் பல்கலைக்கழகத்தின் புதிய அரங்கம் திறக்கப்பட்டபோது, முதலாண்டு மாணவர்களுக்கும் முதன்மை அணிக்கும் ஓர் ஆட்டம் நடைபெற்றது. அம்முதன்மை அணி தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் தேசியப் பட்டம் வென்றிருந்த அணி. அதனை மாணவர்கள் 75-60 என்று வீழ்த்தினர். அல்சிண்டர் மட்டும் 31 புள்ளிகள் எடுத்தார்.

அங்கே அவருக்குப் பயிற்சியாளராக வாய்த்தவர் ஜான் வுடன். இவர் புதிய மாணவர்களுக்கு நடத்தும் முதற்பாடம் பந்தைப் பற்றியதாக இராது. காலுறையைச் சுருக்கமில்லாமல் எப்படி அணிவது, காலணியின் கயிற்றை எப்படி இறுக்குவது என்பதே முதற்பாடம். சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பயிற்சி கெடும் என்பது அவர் கணக்கு. வலது காலணியை முதலில் அணியுமாறு சிறுவயதிலேயே கற்பிக்கப்பட்ட நமக்கு, இத்தகைய சிறு ஒழுங்குகளின் மதிப்பை எவரும் விளக்க வேண்டியதில்லை.

முதன்மை அணியில் அவர் ஆடிய மூன்று பருவங்களில் அவ்வணி வென்ற ஆட்டங்கள் 88, தோற்றவை 2. 1967, 1968, 1969 ஆகிய மூன்று ஆண்டுகளும் தேசியப் பட்டம் அவர்களுக்கே. தோற்ற இரண்டில் ஒன்று ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம் அரங்கில், 1968 ஜனவரியில், ஹூஸ்டன் பல்கலைக்கழகத்திடம் 71-69 என்று தோற்றது. அவ்வாட்டத்தை 52,000க்கும் மேற்பட்டோர் நேரில் கண்டனர். கண்ணில் ஏற்பட்ட காயம் முழுவதும் ஆறாத நிலையில் ஆடினார் அல்சிண்டர்.

அவருடைய வளர்ச்சியில் நாம் கவனிக்க வேண்டிய இடம் வேறொன்று. 1967இல், அவருடைய முதல் தேசியப் பட்டத்துக்குப் பின், டங்க் எனப்படும் முறையைக் கல்லூரி ஆட்டத்தில் தடை செய்தனர். பந்தை வளையத்துக்கு மேலிருந்து கையால் அமுக்கிப் போடும் முறை அது. இத்தடை தம்மைக் குறி வைத்தே வந்தது என்று அந்த இளைஞர் கருதினார். பலரும் அவ்வாறே கருதினர். வுடனோ, இதனால் நீ இன்னும் சிறந்த ஆட்டக்காரனாவாய் என்ற கருத்துப்பட அவருக்குச் சொன்னார். தடை 1976 வரை நீடித்தது. உயரத்தை மட்டும் நம்பியிருக்க இயலாத நிலையில், சிறுவயதில் கற்ற கொக்கி வீச்சை அவர் நாள்தோறும் தீட்டினார். பக்கவாட்டில் திரும்பி, ஒற்றைக் கையை வானோக்கி உயர்த்தி, வளைவாக எறியும் அந்த ஸ்கை ஹூக் வீச்சை அடுத்த இருபது ஆண்டுகள் எவராலும் தடுக்க முடியவில்லை. கல்லூரி அவருக்குத் தந்த மிகப் பெரிய உதவி அவரைத் தடுத்ததே என்று கூறினால் மிகையாகாது.

அக்காலத்தில் பள்ளி முடித்து நான்கு ஆண்டுகள் ஆகாத எவரையும் என்.பி.ஏ. சேர்த்துக்கொள்ளாது. எனவே நான்காண்டும் பயின்று, வரலாற்றுப் பாடத்தில் பட்டம் பெற்று, 1969இல் மில்வாக்கி பக்ஸ் அணிக்கு முதல் தேர்வாகச் சென்றார். முந்தைய பருவத்தில் 27 ஆட்டங்கள் மட்டுமே வென்றிருந்த அவ்வணி, அவர் வந்த பருவத்தில் 56 ஆட்டங்களை வென்றது. கல்லூரியில் அவருடைய சராசரி 26.4 புள்ளிகள், தொழில்முறையின் முதல் ஆண்டில் 28.8. இத்தகைய நேரான ஏற்றம் மிக அரிது. 1968இல், மாணவராக இருக்கும்போதே இஸ்லாத்தை ஏற்றிருந்த அவர், 1971இல் மில்வாக்கி சாம்பியன் பட்டம் வென்றபின் கரீம் அப்துல் ஜப்பார் என்ற பெயரை உலகறிய ஏற்றுக்கொண்டார். 20 பருவங்கள், 6 சாம்பியன் பட்டங்கள், 6 முறை ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருது, 38,387 புள்ளிகள். 42 வயது வரை ஆடியதற்கு யோகப் பயிற்சியும் ஒரு காரணம் என்று அவரே கூறியுள்ளார். 2023 பிப்ரவரியில் அவருடைய புள்ளிக் கணக்கை முறியடித்த லெப்ரான் ஜேம்ஸ், கல்லூரிப் பக்கமே செல்லாமல் பள்ளியிலிருந்து நேரே என்.பி.ஏ.க்கு வந்தவர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நான்காண்டுக் கல்வியே ஒரே வழி என்று எவரும் வாதிட இடமில்லை.

இனி ஹகீம் ஒலாஜுவானுக்கு வருவோம்.

1963இல் நைஜீரியாவின் லாகோஸ் நகரில், சிமென்ட் வணிகம் செய்த ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் இவர். சிறுவயதில் ஆடியது கால்பந்தும் கைப்பந்தும். கால்பந்தில் வலைக் காவலர். கூடைப்பந்தைத் தொட்டதே பதின்பருவத்தின் நடுவில்தான். 1980இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தைப் பார்க்க அமெரிக்கா சென்றபோது, அவரை வரவேற்க விமான நிலையத்துக்கு எவரும் வரவில்லை. தொலைபேசியில் அழைத்தவரிடம், டாக்சி பிடித்து வந்துவிடு என்று சொல்லிவிட்டார்கள். பயிற்சியாளர் கை லூயிஸுக்குத் தெரிந்த ஒருவர் பரிந்துரைத்ததைத் தவிர அவருக்கு வேறு முகவரி இல்லை.

முதலாண்டு அவர் களத்தில் இறங்கவே இல்லை, பயிற்சி மட்டுமே. அடுத்த ஆண்டு மாற்று வீரராக ஆடி, ஆட்டத்துக்குச் சராசரியாக 8.3 புள்ளிகள் எடுத்தார். ஓர் எதிர்கால மேதையின் எண்ணாக அதை எவரும் கருதியிருக்க மாட்டார்கள். பருவம் முடிந்ததும் அவர் தம் பயிற்சியாளர்களிடம் சென்று, இன்னும் அதிக நேரம் களத்தில் நிற்க நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். மோசஸ் மலோனிடம் போய் ஆடு என்றார்கள்.

மோசஸ் மலோன் அப்போது ஹூஸ்டனில் வாழ்ந்த தொழில்முறை வீரர். 1982இல் என்.பி.ஏ.யின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றவர். கோடைக்காலத்தில் ஃபாண்டி பொழுதுபோக்கு மையம் என்ற நகராட்சி உடற்பயிற்சிக் கூடத்தில் அவரும் வேறு பல தொழில்முறை வீரர்களும் கூடி ஆடுவார்கள். பார்வையாளரோ நடுவரோ வேண்டாத ஆட்டம் அது. மலோன் அந்த மெலிந்த நைஜீரிய இளைஞரை முழங்கையாலும் இடுப்பாலும் முட்டித் தள்ளினார். அழுத்தத்துக்கு எதிராக எப்படி நிற்பது என்பதை உடலாலேயே கற்பித்தார். இதில் ஒரு விந்தை உண்டு. மலோன் கல்லூரியில் ஒரு நாளும் ஆடியவரல்லர். 1974இல் பள்ளியிலிருந்து நேரே தொழில்முறைக்கு வந்தவர். ஒரு கல்லூரி மாணவர் தம் கல்வியின் முக்கியமான பகுதியைக் கல்லூரிக்கு வெளியே, கல்லூரிக்கே போகாத ஒருவரிடம் பெற்றார். கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு ஆசிரியர் எங்கே கிடைப்பார் என்பதை எவர் வரையறுக்க முடியும்?

மறுபருவத்தில் 13.9 புள்ளிகள், 11.4 மீள்பந்துகள், ஆட்டத்துக்கு ஐந்து வீச்சுகளுக்கு மேல் தடுப்பு. மீள்பந்து என்பது வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது. 1983இல் ஹூஸ்டன் தொடர்ச்சியாக 26 ஆட்டங்களை வென்று தேசிய இறுதிப் போட்டிக்குச் சென்றது. எதிரே வடக்குக் கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகம். எவரும் பொருட்படுத்தாத அணி. ஆட்டம் 52-52 என்று சமநிலையில் நின்றபோது, அவர்கள் தொலைவிலிருந்து எறிந்த கடைசிப் பந்து வளையத்தை எட்டாமல் விழுந்தது. விழுந்த பந்தை லோரன்சோ சார்ல்ஸ் என்ற வீரர் அந்தரத்திலேயே பற்றி உள்ளே திணித்தார். நேரம் முடிந்தது. தோற்ற அணியைச் சேர்ந்தவராயினும் தொடரின் மிகச் சிறந்த வீரராக ஒலாஜுவானே அறிவிக்கப்பட்டார். அவருக்குப் பின் தோற்ற அணியிலிருந்து எவருக்கும் அவ்விருது கிடைத்ததில்லை. மறு ஆண்டும் இறுதிப் போட்டி. மறு ஆண்டும் தோல்வி, இம்முறை பேட்ரிக் ஈவிங் ஆடிய ஜார்ஜ்டவுன் அணியிடம். கல்லூரிப் பட்டம் ஒன்றுகூட இல்லாமல்தான் 1984 டிராஃப்டில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியின் முதல் தேர்வாக அவர் நுழைந்தார். அதே தேர்வில் மூன்றாவதாக அழைக்கப்பட்டவர் மைக்கேல் ஜோர்டன்.

கல்லூரியின் இறுதியாண்டில் அவருடைய சராசரி 16.8 புள்ளிகள், தொழில்முறையின் முதலாண்டில் 20.6. எதிரிகள் மேலும் வலியவர்களாக இருக்கும்போது எண் ஏன் உயர்ந்தது? கல்லூரியில் சூழ்ந்து நின்ற மூவருக்குப் பதிலாக இங்கே ஒருவரோ இருவரோ மட்டும் என்பது ஒரு காரணம். மலோனிடம் பட்ட அடிகள் மற்றொரு காரணம். மூன்றாவதாக, கால்பந்தில் பழகிய அவருடைய பாதங்கள். வளையத்துக்கு முதுகு காட்டி நின்று, ஒரு பக்கம் போவதுபோல் தோளைச் சாய்த்து, மறு பக்கம் திரும்பி, மீண்டும் திரும்பி எறியும் அவருடைய அசைவுக்கு ட்ரீம் ஷேக் என்று பெயரிட்டனர். அதன் வேர் லாகோஸின் கால்பந்துத் திடலில் இருந்தது. 1986இல் மேற்குப் பிரிவு இறுதியில் கரீம் அப்துல் ஜப்பாரின் லேக்கர்ஸ் அணியையே ராக்கெட்ஸ் 4-1 என்று வென்றது.

ஆனால் வாழ்க்கை அங்கிருந்து நேராக மேலே ஏறவில்லை. இதைத்தான் ரமளான் செய்திகள் சொல்வதில்லை. அவருடன் சேர்ந்து இரட்டைக் கோபுரம் என்று புகழப்பட்ட ரால்ஃப் சாம்ப்சன், கல்லூரியில் மூன்று முறை நாட்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். முழங்கால் காயங்கள் அவருடைய தொழில்முறை வாழ்வைக் குலைத்துவிட்டன. 1987இல் வேறு அணிக்கு அனுப்பப்பட்டார். 1988 முதல் 1991 வரை நான்கு ஆண்டுகளும் ராக்கெட்ஸ் முதல் சுற்றிலேயே வெளியேறியது. 1992இல் அச்சுற்றுக்கே தகுதி பெறவில்லை. அதே ஆண்டு, காயம் என்று சொல்லி ஆட மறுக்கிறார் எனக் குற்றம் சாட்டி அணி நிர்வாகம் அவரை மூன்று ஆட்டங்களுக்கு இடைநீக்கம் செய்தது. அவரும் வேறு அணிக்கு மாற்றுமாறு கேட்டார்.

இந்தக் கலக்கத்தின் நடுவே அவர் தம் மார்க்கத்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தார். பிறப்பால் முஸ்லிமாயினும், அமெரிக்கா வந்தபின் தொழுகையை விட்டு விலகியிருந்ததை அவர் மறைத்ததில்லை. 1991 வாக்கில் முழுமையாகத் திரும்பினார். அதுவரை அக்கீம் என்று எழுதப்பட்டு வந்த தம் பெயரை ஹகீம் என்று திருத்திக்கொண்டார்.

ஆட்டத்தில் ஏற்பட்ட மாற்றத்தையும் அருகே வைத்துப் பார்க்கலாம். 1992இல் ரூடி டோம்ஜானவிச் பயிற்சியாளரானார். ஒலாஜுவானைச் சுற்றித் தொலைவிலிருந்து எறியவல்ல நால்வரை நிறுத்தும் முறையை அவர் கொண்டுவந்தார். இருவர் வந்து வளைத்தால் பந்தை வெளியே நிற்பவருக்கு அனுப்ப வேண்டும். தம்மிடம் வந்த பந்தை விட்டுக்கொடுக்கும் இப்பழக்கத்தை ஒலாஜுவான் கற்றது முப்பதாவது வயதை ஒட்டி. கல்லூரியில் அதைக் கற்கவில்லை. தொழில்முறையின் முதல் எட்டு ஆண்டுகளிலும் முழுமையாகக் கற்கவில்லை. ஈமான் அவருடைய கோபத்தைத் தணித்தது, சக வீரர்களை நம்பச் செய்தது என்று நாம் எண்ண இடமுண்டு. ஆனால் பந்தை எப்போது விட வேண்டும் என்பதைக் கற்பித்தது பயிற்சியே. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் இரண்டுக்கும் உரிய மதிப்பு குறைந்துவிடும்.

1993-94 பருவத்தில் ஆண்டின் மிகச் சிறந்த வீரர், சிறந்த தடுப்பாட்ட வீரர், இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் ஆகிய மூன்று விருதுகளையும் அவர் பெற்றார். ஒரே பருவத்தில் மூன்றையும் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. அந்த இறுதிப் போட்டியில் எதிரே நின்றவர், பத்தாண்டுகளுக்கு முன் கல்லூரி இறுதியில் அவரை வென்ற அதே பேட்ரிக் ஈவிங். ஏழு ஆட்டங்கள் நீடித்த அத்தொடரில் இம்முறை வென்றது ஹூஸ்டன். அடுத்த ஆண்டு பிரிவின் ஆறாம் இடத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் பட்டம் வென்றனர். 1995 ரமளானில் அவர் வைகறைக்கு முன் பேரீச்சம்பழமும் தண்ணீரும் உட்கொண்டு, பகல் ஆட்டங்களில் ஒரு மிடறு நீரும் அருந்தாமல் ஆடியது இந்த இரண்டு பட்டங்களுக்கும் இடையில்தான். அவருடைய கல்லூரித் தோழர் கிளைட் டிரெக்ஸ்லர், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே பிப்ரவரியில் வந்து அவருடன் சேர்ந்தார். 3,830 தடுப்புகள் என்ற அவருடைய கணக்கை எவரும் இன்னும் எட்டவில்லை. ஹூஸ்டன் நகர மையத்தில் பழைய வங்கிக் கட்டடம் ஒன்றை அவர் வாங்கிப் பள்ளிவாசலாகவும் அழைப்பு மையமாகவும் ஆக்கியிருக்கிறார். வட்டிக்குக் கடன் வாங்காமல் ரொக்கம் கொடுத்தே நிலம் வாங்குபவர் அவர் என்பதும் அந்நகரத்தார் அறிந்ததே.

இங்கேயே நிறுத்திவிட்டால் நம் கட்டுரையும் ரமளான் செய்தியைப் போலவே ஆகிவிடும். ஆகவே மஹ்மூத் அப்துர் ரவூஃபைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1969இல் மிஸிஸிப்பி மாநிலத்தின் கல்ஃப்போர்ட்டில், தாய் ஒருவரே வளர்த்த வறிய குடும்பத்தில் கிறிஸ் ஜாக்சன் என்ற பெயரில் பிறந்தவர் இவர். தம்மை அறியாமல் உடல் வெட்டி இழுக்கும், ஒலி எழும்பும் டூரெட் நோய் இவருக்கு இருந்தது. பதின்பருவத்தின் இறுதி வரை அது இன்ன நோய் என்றே தெரியவில்லை. எதையும் சரியாக வரும் வரை மீண்டும் மீண்டும் செய்யத் தூண்டும் அந்நோயின் வேகமே அவரை நாள்முழுதும் பந்தெறிய வைத்தது. வலையை மட்டும் தொட்டுச் செல்லும் வீச்சுகள் தொடர்ச்சியாக அமையும் வரை அவரால் களத்தைவிட்டு அகல இயலாது.

1988இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதலாண்டிலேயே சராசரி 30.2 புள்ளிகள், மொத்தம் 965. முதலாண்டு மாணவர் ஒருவர் அதற்குமுன் அவ்வளவு எடுத்ததில்லை. மறு ஆண்டு 27.8, அவ்வாண்டு அவருடன் ஆடிய புதிய மாணவர்களுள் ஒருவர் ஷக்கீல் ஓநீல். விதிகள் அதற்குள் தளர்ந்திருந்தன. 1971இல் ஸ்பென்சர் ஹேவுட் என்ற வீரர் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக நின்றபின், நான்கு ஆண்டுகள் காத்திருக்கும் கட்டாயம் நீங்கிவிட்டது. தாயின் வறுமையைப் போக்க வேண்டும் என்ற எண்ணத்துடன் ஜாக்சன் இரண்டே ஆண்டில் வெளியேறி, 1990இல் டென்வர் நக்கெட்ஸ் அணியின் தேர்வாக, மொத்தத்தில் மூன்றாவதாக அழைக்கப்பட்டார்.

முதலாண்டில் 14.1 புள்ளிகள். இரண்டாம் ஆண்டில் 10.3. கல்லூரியில் முப்பது எடுத்தவருக்கு இது. உடல் எடை கூடியது. ஆடும் நேரம் குறைந்தது. ஒலாஜுவானின் எண்களுக்கு இது நேர்மாறு. கல்லூரியில் அவரைச் சுற்றியே ஆட்டம் அமைக்கப்பட்டிருந்தது. இங்கே 6 அடி 1 அங்குல உயரமுள்ள ஒருவர், தம்மைவிட வேகமும் உயரமும் கொண்டவர்களின் நடுவே தமக்கென இடம் தேட வேண்டியிருந்தது.

1991இல் அவர் இஸ்லாத்தை ஏற்றார். கல்லூரிப் பயிற்சியாளர் டேல் பிரவுன் கொடுத்த மால்கம் எக்ஸின் தன்வரலாறு அதற்கான விதைகளுள் ஒன்று. நோன்பும் தொழுகையும் அவருடைய நாள்களுக்கு ஓர் ஒழுங்கைத் தந்தன. எடை குறைந்தது. 1992-93இல் 19.2 புள்ளிகள் எடுத்து, அந்த ஆண்டில் மிக அதிகமாக முன்னேறிய வீரர் என்ற விருதைப் பெற்றார். 1993இல் பெயரை மாற்றிக்கொண்டார். அடுத்த பருவத்தில் 229 ஃப்ரீ த்ரோ வீச்சுகளில் 219 உள்ளே விழுந்தன, நூற்றுக்கு 95.6. அவ்வாண்டு டென்வர், எட்டாம் இடத்திலிருந்து வந்து முதலிடத்திலிருந்த சியாட்டிலை வீழ்த்தியது. என்.பி.ஏ. வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதன்முறை.

1995-96 பருவத்தில் தேசிய கீதம் இசைக்கப்படும்போது அவர் எழுந்து நிற்பதில்லை. அந்தக் கொடி அடக்குமுறையின் அடையாளமாகவும் இருக்கிறது, தம் மனச்சான்று இடம் தரவில்லை என்றார். 1996 மார்ச் 12 அன்று என்.பி.ஏ. அவரை இடைநீக்கம் செய்தது. ஓர் ஆட்டத்தை இழந்தபின் உடன்பாடு ஏற்பட்டது: நிற்பார், ஆனால் தலை தாழ்த்தித் துஆச் செய்வார். அதே மாதத்தில் டென்வரிலுள்ள ஒரு பள்ளிவாசலுக்குள் வானொலி நிலையப் பணியாளர்கள் சிலர் புகுந்து, ஊதுகுழலில் தேசிய கீதத்தை இசைத்துக் கேலி செய்தனர்.

முஸ்லிம்களுக்குள்ளும் அன்று ஒரே கருத்து இருக்கவில்லை. வாழும் நாட்டின் சட்டத்தையும் வழக்கத்தையும் மதிப்பது முஸ்லிமின் கடமை என்று ஒலாஜுவான் வெளிப்படையாகச் சொன்னார். அவர் நிலைப்பாட்டுக்கு நம் அறிஞர்களிடையே ஆதாரம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், தம் வருமானம் அனைத்தையும் பணயம் வைத்து ஒருவர் மனச்சான்றின்படி நடந்தபோது, அவருடைய மார்க்க அறிவை அளக்கும் வேலையில் நாம் இறங்க வேண்டியதில்லை என்பதே எங்கள் எண்ணம். அவர் பிறருக்கு அதைக் கட்டளையிடவில்லை. தமக்குத் தாமே விதித்துக்கொண்டார்.

அப்பருவத்தில் தம் அணியில் ஆட்டத்துக்குச் சராசரியாக மிக அதிகப் புள்ளிகள் எடுத்தவர் அவர். ஆயினும் அந்தக் கோடையிலேயே சாக்ரமெண்டோ அணிக்கு மாற்றப்பட்டார். ஆடும் நேரம் சுருங்கியது. 1998இல், 29 வயதில், துருக்கிக்குச் சென்றார். 2001இல் மிஸிஸிப்பியில் இருந்த அவருடைய வீடு தீக்கிரையானது. பின்னர் ரஷ்யா, இத்தாலி, கிரேக்கம், சவூதி அரேபியா என்று ஆடி, ஜப்பானின் கியோட்டோ அணியில் 40 வயதைத் தாண்டியும் ஆடினார். கல்லூரியில் அவரைக் கண்டவர்கள் எதிர்பார்த்த வாழ்க்கை இதுவன்று. ஆனால் அவ்வளவு வயது வரை அவருடைய கை பிழைக்கவில்லை. மார்க்கம் அவருக்குப் பருவம் ஒன்றை மீட்டுத் தந்தது. மார்க்கத்தின் பொருட்டே பல பருவங்களை அவர் இழந்தார். பிள்ளைகளிடம் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். லூசியானா பல்கலைக்கழகம் 2020இல் அவருடைய 35ஆம் எண் சட்டையை அரங்கின் கூரையில் ஏற்றிக் கௌரவித்தது.

2000-01 பருவத்தில் அவர் ஒரே ஒருமுறை என்.பி.ஏ.க்குத் திரும்பி வான்கூவர் அணியில் ஆடினார். அங்கே அவருடன் ஆடிய முதன்மை வீரர் ஷரீஃப் அப்துர் ரஹீம். இவர் பிறப்பிலேயே முஸ்லிம். பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஒரே ஓர் ஆண்டு ஆடி, சராசரி 21.1 புள்ளிகள் எடுத்து, 1996இல் மூன்றாவது தேர்வாக வந்தவர். முதலாண்டிலேயே 18.7 புள்ளிகள். 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக் தங்கமும் பெற்றார். ஆயினும் அவர் ஆடிய அணிகள் தொடர்ந்து தோற்றன. தம் பத்தாவது பருவத்தில், 2006இல்தான், பருவத்துக்குப் பிந்தைய சுற்று ஒன்றில் முதன்முறையாக ஆட முடிந்தது. முழங்கால் காயத்தால் 2008இல் ஓய்வு பெற்றார்.

பின் அவர் பெர்க்லிக்குத் திரும்பினார். பதினாறு ஆண்டுகளுக்கு முன் பாதியில் விட்ட படிப்பை, மாணவர்களோடு மாணவராக வகுப்பில் அமர்ந்து, 2012இல் முடித்துப் பட்டம் பெற்றார். 2019 தொடக்கத்திலிருந்து என்.பி.ஏ.யின் வளர்ச்சிக் கழகமான ஜி லீகின் தலைவராகப் பொறுப்பேற்றார். கல்லூரியில் புள்ளிகளைக் குவித்துவிட்டு, தொழில்முறைக்கு இன்னும் ஆயத்தமாகாத இளைஞர்கள் சிற்றூர் அரங்குகளில் ஆடிக் கற்கும் இடம் அது.